பூக்க மறுக்கும் ஆர்க்கிட்

வாங்கி வைத்த ஆண்டில் கொத்துக் கொத்தாகப் பூத்த ஆர்க்கிட் செடி, அதன் பிறகு ஒரு மொட்டுக்கூட விடாமல் நிற்கிறது. இலையோ பச்சைப் பசேலென்று இருக்கிறது. நோயில்லை, பூச்சியில்லை, உரமும் தவறாமல் கொடுக்கிறோம், என்ன குறை என்றுதான் தெரியவில்லை. இப்படிக் கேட்கும் விவசாயிகள் இப்போது பெருகியிருக்கிறார்கள். வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கு இது ஒரு மனக்குறையோடு போய்விடும். தென்னந்தோப்பில் நிழல்வலைப் பந்தல் போட்டு, கடன் வாங்கி 300, 400 செடிகள் வைத்தவருக்கு அப்படியல்ல. பூங்கொத்தை விற்றுத்தான் அவர் வட்டி கட்ட வேண்டும்.

இத்தகைய செடிகளை மலடு என்று முடிவு கட்டிப் பிடுங்கி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். ஆர்க்கிட் பல்லாண்டுச் செடி. ஒரு முறை பூத்த செடி, வேர் நலமாக இருக்கும் வரை, மீண்டும் பூக்கும் திறனை இழப்பதில்லை. பூக்கலாம் என்ற அடையாளம் கிடைக்காததால்தான் அது வெறும் இலையோடு காத்து நிற்கிறது. எலுமிச்சைக்குச் சில வாரம் தண்ணீரை நிறுத்தி, இலை சற்று வாடியபின் பாய்ச்சினால் பூ எடுக்கிறது. குண்டுமல்லியைக் கார்த்திகையில் கவாத்து செய்தால் மாசி, பங்குனியில் மொட்டு கட்டுகிறது. இவை நீங்கள் அறிந்தவையே. ஆர்க்கிட்டும் அப்படி ஓர் அடையாளத்தை எதிர்பார்க்கிற செடிதான். அது வெயிலா, குளிரா, வறட்சியா என்பது இனத்துக்கு இனம் வேறுபடும்.

எந்த இனம் என்று முதலில் பாருங்கள்

நம் மாநிலத்தில் வீடுகளிலும் சிறு பந்தல்களிலும் இருப்பவை பெரும்பாலும் மூன்று வகையே. கரும்பைப் போலக் கணுக்கணுவான பருத்த தண்டுகள் அடியிலிருந்து தூர் கட்டி வந்தால் அது டென்ட்ரோபியம். பூக்கடைகளில் ஊதாவும் வெள்ளையும் கலந்து கொத்தாக விற்கும் சோனியா ரகம் இதைச் சேர்ந்தது. ஒரே தண்டு மேல்நோக்கி வளர்ந்து, இருபுறமும் இலை அடுக்கி, விரல் பருமனில் வேர்களைக் காற்றில் தொங்கவிட்டால் அது வேண்டா. தண்டே தெரியாமல், அகன்று தடித்த நாலைந்து இலைகள் மட்டும் தொட்டியின் மேல் படிந்திருக்க, நடுவிலிருந்து நீண்ட காம்பில் பட்டாம்பூச்சி போன்ற பூக்கள் வந்திருந்தால் அது ஃபெலனாப்சிஸ். நகரத்துக் கடைகளில் அன்பளிப்புக்கென்று தொட்டியோடு விற்பது இதுவே.

பூங்கொத்துக்காக வளர்ப்பது பெரும்பாலும் டென்ட்ரோபியம்தான். ஆகவே அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

எட்டணா வெயில்

டென்ட்ரோபியம் பூக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலான இடங்களில் காரணம் ஒன்றே. வெயில் போதவில்லை. ஆர்க்கிட் நிழலில் வளரும் செடி என்று யாரோ சொன்னதை நாம் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டுவிட்டோம். காட்டில் இது தரையில் வளர்வதில்லை, மரக்கிளையில் ஒட்டி வளர்கிறது. தரையிலுள்ள செடிக்குக் கிடைக்காத வெளிச்சம் கிளையிலுள்ள செடிக்குக் கிடைக்கிறது. அதற்காகத்தானே அது அவ்வளவு உயரம் ஏறிப் போயிருக்கிறது!

சோனியா போன்ற ரகங்களுக்கு வெயிலில் பாதி வேண்டும். 50 சதவிகித நிழல்வலை போதும் என்பது இதனால்தான். ஆனால் கடையில் 75 சதவிகித வலையைக் கொடுத்து, ஆர்க்கிட்டுக்கு இதுதான் என்று சொல்லிவிடுகிறார்கள். அதை வாங்கி வந்து தென்னை மரத்தடியில் கட்டினால் என்ன ஆகும்? தென்னை ஓலையே பாதி வெயிலை மறைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள பாதியில் கால் பங்கைத்தான் வலை கீழே விடும். கணக்குப் பார்த்தால் அரைக்கால் பங்கு. பழைய அணாக் கணக்கில் ரூபாய்க்கு இரண்டணா. எட்டணா வெயில் கேட்கும் செடிக்கு இரண்டணா கொடுத்தால், அது உயிரை வைத்துக்கொள்ளும், இலை விடும், பூக்காது.

வலை பழசானால் அதன் மேல் தூசியும் பாசியும் படிந்து இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தை அடைத்துவிடும். செடி வாங்கிய ஆண்டில் பூத்தது, மூன்றாம் ஆண்டில் நின்றுவிட்டது என்பவர்கள் முதலில் வலையை அண்ணாந்து பார்க்க வேண்டும். பக்கத்திலிருந்த மா, பலா மரங்களும் இதற்குள் கிளை பரப்பியிருக்கும். செடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெயில்தான் நகர்ந்து போய்விட்டது.

வெளிச்சம் போதுமா என்று பார்க்கக் கருவி ஏதும் தேவையில்லை. நடுப்பகலில் செடியின் இலைக்கு ஓர் அடி உயரத்தில் உங்கள் கையை விரித்துப் பிடியுங்கள். இலையின் மேல் கையின் நிழல் ஓரம் மங்கலாக, ஆனால் விரல்கள் தெரியும்படி விழுந்தால் வெயில் சரியாக இருக்கிறது. நிழலே விழாவிட்டால் போதாது. கத்தியால் வெட்டினாற்போல் கூர்மையாக விழுந்தால் அதிகம்.

இலையும் இதையே சொல்லும். கரும்பச்சை இலையைக் கண்டு நாம் மகிழ்கிறோம். நெல்லிலும் வாழையிலும் அது நல்ல அடையாளம். ஆர்க்கிட்டில் அதுவே குறையின் அடையாளம். வெயில் போதாத செடிதான் பச்சையத்தைக் கூட்டிக்கொண்டு கருத்து நிற்கும். பூக்கிற டென்ட்ரோபியத்தின் இலை கொஞ்சம் வெளிறி, இளமஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். தண்டையும் பாருங்கள். புதிதாக வரும் தண்டு முந்தைய தண்டைவிட ஒல்லியாகவும், நீண்டு சாய்ந்தும் வந்தால் ஐயமே வேண்டாம், வெயில் குறைவுதான்.

குலசேகரம் அருகே ஒரு குடும்பத்தின் பந்தலைப் பார்க்கப் போயிருந்தேன். ஏறக்குறைய 300 தொட்டிகள். தென்னைக்கும் பலாவுக்கும் அடியில் வலை கட்டி, நடுப்பகலிலும் மாலை போல இருந்தது. "உரத்துக்கு மட்டும் குறையே வைக்கலை சார், கன்னுக்குட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கிட்டோம்" என்றார் அந்த வீட்டு அம்மாள். அவர் சொன்னது உண்மை. செடிகள் அவ்வளவு செழிப்பு. ஈராண்டாகப் பூவில்லை என்பதால் அடுத்த வாரம் எல்லாவற்றையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பந்தல் கம்பிகளையும் விற்றுவிடுவதாக இருந்தார்கள். பலாவின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, தொட்டிகளை மரங்களுக்கு நடுவிலுள்ள திறந்த பகுதிக்கு மாற்றி, 50 சதவிகித வலையைக் கட்டச் சொன்னேன். உரத்தைக் குறைக்கச் சொன்னதுதான் அவர்களுக்குச் சங்கடமாக இருந்தது. அதன் பிறகு வந்த தண்டுகள் குட்டையாகவும் தடியாகவும் வந்தன. அடுத்த ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட தொட்டிகளில் கொத்து வந்துவிட்டது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். நிழலில் பழகிய செடியை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுவந்தால் இலை வெந்து, வெள்ளைத் திட்டு விழுந்து, பிறகு கருகிவிடும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மாற்றுங்கள். நடுப்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சுட்டால் வெயில் மிகுதி. சித்திரை, வைகாசியில் கூடுதலாக ஒரு மறைப்புத் தேவைப்படலாம். அடுத்தது, உடனே பூவை எதிர்பார்க்கக் கூடாது. இருட்டில் முற்றிய தண்டுகளில் பல பூக்காமலே போகும். நல்ல வெளிச்சத்தில் புதிதாக முளைத்து முற்றும் தண்டுதான் பூக்கும். அதற்கு அரையாண்டோ, அதற்கு மேலோ ஆகும். ஒரு மாதம் பார்த்துவிட்டு, பலனில்லை என்று பழைய இடத்திற்கே கொண்டு போய்விடாதீர்கள்.

தாய்த்தண்டை வெட்டாதீர்கள்

வாழையில் தார் வெட்டியதும் தாய்மரத்தைச் சாய்த்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில், பூத்து முடிந்த டென்ட்ரோபியம் தண்டையும் அடியோடு வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் தண்டைக் கண்டால் கத்தரிக்கோலை எடுக்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தத் தண்டு வெறும் கட்டையல்ல, செடியின் பத்தாயம். நீரும் மாவுச்சத்தும் அதில்தான் சேமிப்பில் உள்ளன. புதுத் தண்டு முளைத்து, தனக்கென வேர்விட்டுத் தழைக்கும் வரை இந்தப் பழைய தண்டுகள்தான் அதற்கு ஊட்டுகின்றன. பழைய தண்டை வெட்டினால் அடுத்த தண்டு சிறுக்கும், அதற்கடுத்தது இன்னும் சிறுக்கும். பூ அதோடு நின்றுவிடும்.

அது மட்டுமல்ல. முன்னர் பூத்த தண்டின் நுனிக் கணுக்களில் பூக்காத மொட்டுக் கண்கள் இன்னும் இருக்கும். அவற்றிலிருந்து அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும்கூடக் கொத்து வரும். ஆகவே ஒரு தொட்டியில் பச்சையாக, உருண்டையாக உள்ள பழைய தண்டுகள் மூன்று நான்காவது இருக்கட்டும். பழுப்பேறிச் சுருங்கி, அழுத்தினால் உள்ளே கூடாக இருப்பதை மட்டும் நீக்குங்கள்.

உரம் கொடுத்துப் பூவைக் கெடுத்தல்

பூ வரவில்லை என்றதும் உரத்தைக் கூட்டுவது நம் வழக்கம். அதிலும் யூரியாவைக் கரைத்துத் தெளித்துவிடுவார்கள். தழைச்சத்து மிகுந்தால் செடி தழைக்கத்தான் செய்யும். பூக்க வேண்டிய கணுவில் பூவுக்குப் பதிலாகச் சிறு கன்று முளைத்து, அங்கேயே வேர்விட்டுத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது தழைச்சத்தின் வேலையாக இருக்கலாம். வேர் கெட்ட செடியும் உயிர் பிழைக்க அப்படிக் கன்று விடுவதுண்டு. எதுவானாலும் கன்றை வீணாக்க வேண்டாம். அதன் வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் பிரித்தெடுத்துத் தனித் தொட்டியில் வைத்தால் புதுச் செடியாகிவிடும்.

உரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுத் தண்டு வளரும் காலத்தில், நீரில் கரையும் 19:19:19 கலப்பு உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து வாரம் ஒரு முறை இலையும் வேரும் நனையத் தெளியுங்கள். தண்டின் நுனியில் கடைசி இலை சிறியதாக விரிந்து வளர்ச்சி நிற்பது கண்ணுக்கே தெரியும். அப்போது தழைச்சத்து குறைந்து, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மிகுந்த கலப்புக்கு மாறிவிடுங்கள். மாட்டுச் சாணத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, அதோடு பத்துப் பதினைந்து பங்கு நீர் சேர்த்து ஊற்றுகிறவர்களும் உண்டு. நல்ல முறைதான். கசடு தொட்டியில் தங்கினால் வேர் அழுகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பூ வரவழைக்கும் டானிக் என்று புட்டியில் விற்பதை வாங்கிப் பணத்தைப் போக்கடிக்க வேண்டாம். வெயில் இல்லாத இடத்தில் எந்த டானிக்கும் வெயிலுக்கு ஈடாகாது.

வேரின் நிலையைப் பார்த்துக்கொள்வது எளிது. ஆர்க்கிட் வேரின் மேல் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும், நனைந்ததும் பச்சையாகவும் தெரியும். மறுபடி வெள்ளியானதும் தண்ணீர் ஊற்றினால் போதும். எப்போதும் பச்சையாகவே இருக்கும் வேர் விரைவில் பழுப்பாகிக் குழைந்துவிடும். தொட்டியில் மண் கூடவே கூடாது. கரித்துண்டு, செங்கல் அல்லது ஓட்டுத்துண்டு, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவையே உகந்தவை. மழை மிகுந்த குமரி, வால்பாறை பக்கங்களில் மட்டையைக் குறைத்துக் கரியைக் கூட்டிக்கொள்வது நலம். இரண்டு மூன்று ஆண்டில் மட்டை மக்கிப் புளித்த வாடை அடிக்கும். அப்போது மாற்றுங்கள். ஆனால் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டாம். டென்ட்ரோபியம் நெருக்கமான தொட்டியில்தான் நன்கு பூக்கும்.

கிணற்று நீர் உப்பாக உள்ள ஊர்களில் தொட்டியின் ஓரத்திலும் கரியின் மேலும் வெள்ளையாக உப்புப் பூத்து, வேர்நுனி கருகும். ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அது முடியாதவர்கள், உரம் தெளிக்கும் நாளுக்கு முந்தின நாள் தொட்டியின் வழியாக நீர் வடிந்தோடும்படி தாராளமாக ஊற்றிக் கழுவுங்கள்.

குளிர் கேட்கும் இனங்கள்

குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு பக்கங்களில் நோபிலி வகை டென்ட்ரோபியம் வைத்திருப்பவர்களுக்கு மேற்சொன்னதோடு இன்னொன்றும் வேண்டும். இது தண்டு முழுவதும் கணுவுக்குக் கணு பூக்கும் வகை. ஐப்பசியிலிருந்து உரத்தை அடியோடு நிறுத்தி, தண்ணீரைத் தண்டு சுருங்காத அளவுக்குக் குறைத்து, இரவுக் குளிர் 10 முதல் 15 டிகிரி வரை படும் இடத்தில் நாலு முதல் ஆறு வாரம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை தொட்டியில் விழாதபடி மேலே ஒரு தகடு வேண்டும். மொட்டு தெரிந்த பிறகே பழையபடி நீர் ஊற்றலாம். இதே செடியைச் சமவெளிக்குக் கொண்டு வந்தால் பூவுக்குப் பதில் கன்று கன்றாக விடும். அது செடியின் குற்றமல்ல.

ஃபெலனாப்சிஸ் கதையும் ஏறக்குறைய இதுவே. இதற்கு வெயில் கால் பங்கு போதும், ஆனால் குளிர்ச்சி வேண்டும். பகல் 25 டிகிரிக்குப் பக்கமும், இரவு 20 டிகிரிக்குப் பக்கமுமாக நாலு முதல் ஆறு வாரம் கிடைத்தால்தான் பூங்காம்பு தலைகாட்டும். வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே நின்றால் இலை மேல் இலை விடுமே தவிரக் காம்பு வராது. நகரத்திலிருந்து மகனோ மகளோ வாங்கி வந்து கொடுத்த செடி மறு ஆண்டு பூக்காததன் காரணம் இதுதான். ஓசூர், தருமபுரி, கோவை பக்கம் உள்ளவர்கள் மார்கழி, தை மாதங்களில் செடியைப் பூட்டிய அறைக்குள் வைக்காமல், பனிக்காற்று வரும் இறவாரத்தில் வைத்துப் பார்க்கலாம். கடற்கரைச் சமவெளியில் ஒன்றிரண்டு செடியை ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்துக்கென்று இதில் பணம் போட வேண்டாம். பூ முடிந்தபின் காம்பு பச்சையாக இருந்து, செடியும் வலுவாக இருந்தால், அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்கு மேலே வெட்டிவிடுங்கள். அங்கிருந்து ஒரு கிளைக்காம்பு வரக்கூடும். காம்பு காய்ந்திருந்தால் அடியோடு எடுத்துவிடலாம்.

வேண்டாவுக்குக் குளிர் தேவையில்லை, வெயில்தான். அதிலும் இலை பென்சில் போல உருண்டிருக்கும் வகைக்கு நிழலே ஆகாது. சிங்கப்பூர் அரசு 1981-ல் தேசிய மலராக அறிவித்த வேண்டா மிஸ் ஜோக்கிம் இந்த வகைதான். கம்பத்தில் கட்டி வளர்க்கும் இச்செடி, அதன் தலை கம்பத்தைத் தாண்டி முழு வெயிலுக்கு வந்த பிறகுதான் பூக்கத் தொடங்கும். ஆகவே கம்பத்தைக் குட்டையாக வையுங்கள்.

வனிலாவும் ஆர்க்கிட் குடும்பந்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கொடி பந்தலெங்கும் ஓடியும் பூக்கவில்லை என்றால், தொங்கும் கொடியின் நுனியை, பூக்கும் பருவத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு நாலு விரற்கடை அளவு கிள்ளிவிடுங்கள். அந்த நேரம் நீரையும் குறைக்க வேண்டும். ஓட்டம் தடைப்பட்ட கொடி இலைக்கணுக்களில் பூங்கொத்து விடும்.

மொட்டு வந்த பிறகு

மொட்டு வந்தும் விரியாமல் மஞ்சளாகி உதிர்ந்தால், அந்த மொட்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடிப் புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. கொசுவினும் சிறிய இந்த ஈ மல்லிகை மொட்டையும் இப்படியே கெடுக்கும். எனவே மல்லிகைத் தோட்டத்தை ஒட்டி ஆர்க்கிட் பந்தல் போடுவதைத் தவிருங்கள். தாக்கிய மொட்டுகளை, கீழே விழுந்தவை உட்பட, தினமும் பொறுக்கித் தீயிலிடுங்கள். மண்ணில் விழவிட்டால் புழு அங்கே கூண்டுப் புழுவாகி மறுபடி ஈயாகக் கிளம்பும். இரவில் நத்தை வந்து வேர்நுனியையும் இளமொட்டையும் தின்றுவிடும். விளக்கெடுத்துப் போய்க் கையால் பொறுக்குவதே இதற்குச் சிறந்த வழி.

கொத்தில் முக்கால் பங்குப் பூ விரிந்ததும், காலை வெயில் ஏறுமுன் காம்பை அதன் அடியில் வெட்டி உடனே நீரில் வையுங்கள். தண்டில் கத்தி படக் கூடாது. ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் போகுமுன் கத்தியைத் தீயில் ஒரு முறை காட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிட்டில் மருந்தில்லாத வைரஸ் நோய் ஒன்று உண்டு. இலையில் தேமல் விழுந்து, ஆண்டுக்கு ஆண்டு பூவைக் குறைத்துக்கொண்டே போகும் அந்த நோய், ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு இந்தக் கத்தி வழியாகத்தான் பெரும்பாலும் போகிறது.